மெஷின் ஆஃப்ல தான் இருந்துச்சு, அப்புறம் எப்படி விரல் போச்சு?

கார்டிங்_ஃபிட்டர் | 12-08-2023, இரவு 10:42

வணக்கம். திண்டுக்கல் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுல கார்டிங் (பஞ்சை சீவற மெஷின்), ப்ளோ ரூம் (பஞ்சை பிரிச்சு சுத்தம் பண்ற இடம்) மெயின்டனன்ஸ் பாக்கறேன். மில் பேரு வேண்டாம். போன வாரம் நைட் ஷிஃப்ட்ல எங்க ஹெல்பர் பையனுக்கு வலது கையில ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயிடுச்சு. லிக்கர்-இன் (பஞ்சை உள்ள வாங்கற பல் ரோலர்) பக்கம் பஞ்சு சோக் ஆகி அலாரம் அடிச்சிருக்கு, அவன் ஸ்டாப் பட்டனை அமுக்கிட்டு கவரை கழட்டிட்டு அடைச்ச பஞ்சை இழுக்கலாம்னு கையை விட்டிருக்கான், உள்ள ரோலர் இன்னும் நிக்கல. மோட்டார் சத்தம் இல்ல, லைட்டும் சிவப்புக்கு வந்துடுச்சு, பக்கத்து மெஷினெல்லாம் ஓடற சத்தத்துல இது சுத்தறது காதுல விழாது. "மெஷின் ஆஃப்ல தாண்ணே இருந்துச்சு"ன்னு ஆஸ்பத்திரியில வச்சும் அதையே தான் சொல்றான், அது பொய்யும் இல்ல.

ரிப்போர்ட்ல "தொழிலாளியின் கவனக்குறைவு"ன்னு ஒரே வரியில முடிச்சுட்டாங்க.

உங்க இடத்துல ரிப்பேர், க்ளீனிங், செட்டிங் பண்றப்ப கை மாட்டினது எப்படி, அதுக்கப்புறம் என்ன மாத்தினாங்கன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. "பாதுகாப்பே முதன்மை" போஸ்டர் எங்ககிட்டயே நிறைய இருக்கு, அது வேண்டாம்.

கொங்கு_ஜாபர் | 12-08-2023, இரவு 11:15

ஏனுங்க, இது கார்டிங்ல காலங்காலமா நடக்கறது தானுங்க. பஞ்சை சீவற பெரிய உருளை, அந்த சிலிண்டர்னா என்ன சின்ன உருப்படியா, மீட்டருக்கு மேல விட்டம், முழுக்க இரும்பு, ஓடறது நிமிஷத்துக்கு 400, 500 சுத்து. மோட்டாரை நிறுத்தினா அது பாட்டுக்கு பல நிமிஷம் சுத்திட்டே தான் கிடக்கும். அதுலயும் மேல முழுக்க ரம்பப்பல் வயர், லிக்கர்-இன் பல்லு இன்னும் முரட்டுத்தனமா இருக்கும். பஞ்சை இழுக்கறதுக்குன்னே செஞ்ச பல்லுங்க அது, விரலை மட்டும் விட்டுருமா. மாட்டினா வெட்டுப்பட்டு நிக்காது, உள்ள இழுத்து சதையை உரிச்சுட்டு தான் விடும். அதனால தான் கார்டிங் கேஸ்ல விரலை திரும்ப ஒட்ட வைக்கறது கஷ்டம்னு டாக்டருங்க சொல்றாங்க.

புது மெஷின்ல சிலிண்டர் முழுசா நின்னா தான் கவர் லாக் விடும், சென்சார் வச்சிருக்கான். பழசுல அது கிடையாது, இருந்தாலும் பாதி இடத்துல வேலை செய்யாது. கதவுல இருக்கற நாக்கை கழட்டி, கதவு திறந்தா மெஷினை நிறுத்தற இன்டர்லாக் ஸ்விட்ச்சுலயே சொருகி விட்டுருவானுங்க, மெஷினுக்கு கதவு எப்பவும் மூடியே இருக்கற மாதிரி கணக்கு. உங்க மெஷின்ல எப்படின்னு முதல்ல போய் பாருங்க.

ப்ரொடக்‌ஷன்_கண்ணன் | 12-08-2023, இரவு 11:50

எல்லாரும் மேனேஜ்மென்ட்டை திட்டறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை. நானும் மில்லுல தான் இருக்கேன், ப்ரொடக்‌ஷன் சைடு. ட்ரெயினிங் குடுக்கறோம், கையெழுத்து வாங்கறோம், மெஷின் மேல மஞ்சள் ஸ்டிக்கர்ல "முழுமையாக நின்ற பின் திறக்கவும்"னு ஒட்டி வச்சிருக்கோம். அதுக்கப்புறமும் கையை விடறான்னா என்ன பண்ண சொல்றீங்க? கையை விட்டது அவன் தானே? ஒவ்வொரு சோக்குக்கும் மெயின் ஸ்விட்ச் வரைக்கும் போய் பூட்டு போட்டு சாவியை பாக்கெட்ல வச்சுட்டு வான்னா ஒரு ஷிஃப்ட்ல எத்தனை சோக் வருதுன்னு உங்களுக்கே தெரியும், அப்புறம் சாயங்காலம் கிலோ குறைஞ்சதுக்கு நான் தான் பதில் சொல்லணும். யாரும் அவன் விரல் போகணும்னு நினைக்கல.

கார்டிங்_ஃபிட்டர் | 13-08-2023, காலை 6:20

கண்ணன் சார், சண்டைக்கு வரல. அந்த ஸ்டிக்கர் தமிழ்ல இருக்கு, பையன் ஒடிசாக்காரன். ட்ரெயினிங் ஷீட்ல கையெழுத்து இருக்கு, அதுவும் தமிழ்ல அடிச்ச ஷீட் தான்.

இன்னொண்ணு, மெஷின் நின்ன நேரத்தை எழுதற டவுன்டைம் ஷீட் உங்க கையில தான் இருக்கு. சிலிண்டர் நிக்கறதுக்கு காத்திருக்கற நேரத்தை அதுல எந்த தலைப்புல எழுதறீங்க? எங்க மில்லுல "மெயின்டனன்ஸ் டிலே"ன்னு ஃபிட்டர் கணக்குல ஏத்தறாங்க. காத்திருந்தா சோம்பேறி, கையை விட்டா கவனக்குறைவு.

கரண்ட்_கம்பி | 13-08-2023, காலை 8:05

எலக்ட்ரீஷியன் பக்கத்துல இருந்து சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

ஸ்டாப் பட்டன், எமர்ஜென்சி ஸ்டாப் இது ரெண்டும் கரண்டை கட் பண்ற சாமான்னு நிறைய பேரு நினைக்கறாங்க. அது கண்ட்ரோல் லைனை மட்டும் தான் உடைக்குது, மோட்டாருக்கு கரண்டை விடற ஸ்விட்ச், அதாவது காண்டாக்டர் விழுது, அவ்ளோ தான். காண்டாக்டர் வெல்டு ஆகி ஒட்டிக்கிச்சுன்னா பட்டனை அமுக்கினாலும் ஒண்ணும் ஆகாது. அப்புறம் யாராவது எமர்ஜென்சியை திருப்பி விட்டுட்டு ஸ்டார்ட் குடுத்தா முடிஞ்சது கதை. ஐசோலேஷன்னா, அதாவது கரண்டை முழுசா பிரிக்கறதுன்னா, மெயின் ஐசோலேட்டரை இறக்கி, அதுல உள்ள கையை விடறவன் சொந்த பூட்டை போட்டு, சாவி அவன் பாக்கெட்டுல இருக்கணும், அதுக்கப்புறம் ஸ்டார்ட் பட்டனை ஒரு தடவை அமுக்கி ஓடலன்னு பாக்கணும். இந்த கடைசி வேலையை தான் யாரும் செய்யறதில்ல. பெயர் தப்பா எழுதின பேனல், எம்சிபி (ப்ரேக்கர் ஸ்விட்ச்) 7ஐ இறக்கிட்டு 8ஓட மெஷின்ல கை வைக்கப் போன கேஸ் நானே பார்த்திருக்கேன், நல்லவேளை ஸ்டார்ட் அமுக்கி பார்த்தாங்க, அது ஓடுச்சு.

அடுத்தது நம்ம ஊர் விஷயம், கரண்ட் போய் வர்றது. புஷ் பட்டன் வச்ச சாதாரண ஸ்டார்ட்டர்ல கரண்ட் போனா ஹோல்டிங் காண்டாக்ட் விட்டுடும், திரும்ப வந்தா தானா ஓடாது, மறுபடி பச்சை பட்டனை அமுக்கணும். ஆனா செலக்டர் ஸ்விட்ச் வச்சு ஓட்டற மெஷின் இருக்கு பாருங்க, எக்ஸாஸ்ட் ஃபேன், கன்வேயர், கம்ப்ரஸர், தண்ணி பம்பு, அதுல ஸ்விட்ச் ஆன்லயே நிக்கும், கரண்ட் வந்த அடுத்த செகண்ட் ஓட ஆரம்பிச்சுடும். ட்ரைவ் (மோட்டார் வேகத்தை மாத்தற எலக்ட்ரானிக் பெட்டி) போட்ட மோட்டார்லயும் ஆட்டோ ரீஸ்டார்ட்டை ஆன் பண்ணி வச்சா இதே கதை. "கரண்ட் தான் இல்லையே, இந்த கேப்ல பெல்ட்டை பாத்துடலாம்"னு கை வைக்கறது இருக்கே, அது தான் நம்ம ஊர்ல பெரிய பொறி. கரண்ட் இல்லாத நேரத்துல தான் பூட்டு ரொம்ப அவசியம்.

ட்ரைவ் உள்ள கெப்பாசிட்டர் சார்ஜ் வேற இருக்கும், ஆஃப் பண்ணி சில நிமிஷம் கழிச்சு தான் திறக்கணும்னு அது மேலயே எழுதியிருப்பான், எந்த ட்ரைவுக்கு எத்தனை நிமிஷம்ங்கறதையும் அதுலயே பாத்துக்கங்க.

அம்பத்தூர்_பவர்ப்ரெஸ் | 13-08-2023, காலை 11:30

மில்லுகாரங்க சொல்றத படிச்சா எங்க ப்ரெஸ் ஷாப்பு கதையே தான்பா இது. எங்க ஏரியாவுல பழைய மெக்கானிக்கல் ப்ரெஸ், கீ க்ளட்ச், அதாவது மிதிச்சா ஃப்ளைவீலை (கனச் சக்கரம்) ஷாஃப்ட்டோட ஒரு சாவி பூட்டும், ஃப்ளைவீல் ஓடிக்கினே இருக்கும். கீ தேய்ஞ்சு போச்சுன்னா ஒரு தபா மிதிச்சா ரெண்டு அடி அடிக்கும், ரெண்டாவது அடி எப்ப வரும்னு எவனுக்கும் தெரியாது. ஓட்றவன் கை போறத பத்தி தான் எல்லாரும் பேசறாங்க, டை (அச்சு) மாத்தறவன் பத்தி எவனும் பேசறதில்ல. டை செட்டிங் பண்றப்ப ரேம், அதாவது மேல இருந்து அடிக்கற பாகம், மேலயே நிக்கும், உள்ள ரெண்டு கையும் விட்டு போல்ட்டு முறுக்கினு இருப்போம், ப்ரேக் லைனிங் தேய்ஞ்சிருந்தா ரேம் தானா வழிஞ்சு இறங்கும். அதுக்கு தான் கட்டை, சேஃப்டி ப்ளாக்குன்னு சொல்வாங்க, ரேமுக்கும் பெட்டுக்கும் நடுவுல முட்டு குடுக்கறது. எங்க பழைய கம்பெனில அந்த கட்டை டூல் ரூம் பீரோக்குள்ள பூட்டி கிடக்கும், ஆடிட் வர்ற அன்னிக்கு மட்டும் வெளிய வரும்.

கால் பெடல் இருக்கு பாரு, அதுக்கு மேல மூடி இல்லன்னா அது எமன். செட்டர் உள்ள கை விட்டு இருக்கான், ஹெல்பர் ஸ்க்ராப் தட்டை கொண்டாந்து கீழ வச்சான், தட்டு பெடல் மேல உக்காந்துச்சு. அவ்ளோ தான். மூணு விரல். ஃப்ளைவீலை நிறுத்தாம செட் பண்ணது தப்பு தான், ஆனா நிறுத்தினா முழுசா நிக்க நேரமாவும், திரும்ப ஸ்பீடு எடுக்க நேரமாவும், அன்னிக்கு டை மாத்தற டைம் சார்ட்டு செவுத்துல ஒட்டி இருந்துச்சு.

ஸ்பேனர்_12_13 | 13-08-2023, மதியம் 12:02

க்ளவுஸ் போட்டிருந்தா இதெல்லாம் தப்பிச்சிருக்கலாம் இல்ல? எங்க கம்பெனில இப்ப எல்லாத்துக்கும் கட் ரெசிஸ்டன்ட் க்ளவுஸ் கட்டாயம்.

கொங்கு_ஜாபர் | 13-08-2023, மதியம் 12:20

தம்பி, சுத்தற இடத்துல க்ளவுஸ் போடவே கூடாதுங்க. ட்ரில்லிங், லேத்து, ரோலர் எதுவா இருந்தாலும் க்ளவுஸ் நுனி மாட்டினா விரலோட சேத்து கையையே இழுத்துட்டு போயிரும், வெறும் கையா இருந்தா தோலு கிழிஞ்சு தப்பிக்கற இடத்துல க்ளவுஸ் இருந்தா தப்பிக்க முடியாது. ஷீட் மெட்டல் தூக்கறதுக்கு, பிளேடு மாத்தறதுக்கு போடுங்க, அது வேற. லேத்துல உப்புத்தாளை கையில சுத்திப் பிடிச்சு பாலிஷ் போடறவங்களும் இதே லிஸ்ட்ல தான் வருவாங்க.

மோதிரம், வாட்சு, ஸ்டீல் காப்பு, மணிக்கட்டுல கட்டற சாமிக்கயிறு, இதுவும் அப்படித்தான். கயிறை கழட்ட சொன்னா மனசு வராது, கோயில்ல கட்டினது. எங்க சூப்பர்வைசர் ஒருத்தரு "மேல் கையில முழங்கைக்கு மேல கட்டிக்கோ, சட்டைக்குள்ள இருக்கட்டும்"னு சொல்லிட்டாரு, அதுக்கப்புறம் யாரும் முரண்டு பிடிக்கல.

சங்கத்து_ஆள் | 13-08-2023, மாலை 4:45

தோழர்களே, சட்டப் பக்கம் ரெண்டு விஷயம் சொல்லிடறேன் (எல்லாம் 2023 நிலவரப்படி), "கவனக்குறைவு"ன்னு எழுதிட்டா நஷ்டஈடு கிடைக்காதுன்னு நிறைய பேரு பயந்துக்கறாங்க, அதுக்காக.

1948 ஃபாக்டரீஸ் ஆக்ட்ல பிரிவு 21 மெஷினுக்கு மறைப்பு போடறது, பிரிவு 22 ஓடற மெஷின்கிட்ட வேலை செய்யறது. ஓடறப்ப தான் பார்க்க முடியும்னு கட்டாயம் இருந்தா கூட அதுக்குன்னு தனியா பயிற்சி எடுத்த, வயசு வந்த ஆண் தொழிலாளி தான் செய்யலாம், உடம்போட ஒட்டின உடுப்பு முதலாளி குடுக்கணும், அவர் பேரு ரிஜிஸ்டர்ல இருக்கணும். காண்ட்ராக்ட்ல வந்த ஹெல்பர் பேரு அந்த ரிஜிஸ்டர்ல இருந்துச்சான்னு ஃபிட்டர் தோழர் பாருங்க. பிரிவு 24ல, தற்செயலா ஆன் ஆகக்கூடிய ஸ்விட்ச்சா இருந்தா அதை ஆஃப்ல பூட்டி வைக்க வசதி இருக்கணும்னு எழுதியிருக்கு. பூட்டுங்கறது வெள்ளைக்கார கம்பெனி ஃபேஷன்னு சொல்றவங்களுக்கு இதை காட்டுங்க, அமெரிக்காக்காரன் லாக் அவுட் விதியை கொண்டாந்ததே 1989ல தான். 48 மணி நேரமோ அதுக்கு மேலயோ வேலைக்கு வர முடியாத காயம்னா பிரிவு 88 படி ஃபாக்டரி இன்ஸ்பெக்டருக்கு நோட்டீஸ் போகணும்.

இஎஸ்ஐ (தொழிலாளர் அரசு காப்பீடு) சட்டத்துல 51பி பிரிவு இருக்கு, அதை மனப்பாடம் பண்ணி வைங்க. தொழிலாளி விதியை மீறியிருந்தாலும், சொன்னதை கேக்காம செஞ்சிருந்தாலும், முதலாளியோட வேலைக்காக செஞ்சதுன்னா அது வேலையில நடந்த விபத்து தான், பலன் உண்டு. சோக் எடுத்தது அவன் வீட்டு வேலைக்கா? அதனால "கவனக்குறைவு"ங்கற வரி இஎஸ்ஐ பணத்தை தடுக்காது.

கார்டிங்_ஃபிட்டர் | 13-08-2023, மாலை 5:30

தோழர் ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம், பையனுக்கு இஎஸ்ஐ நம்பர் இருந்துச்சான்னே தெரியல, காண்ட்ராக்டர் மறுநாள் ஆதார் கார்டு கேட்டு போன் பண்ணாராம். வயசு 25, தினக்கூலி 500ன்னு வச்சுக்கங்க. அவனுக்கு என்ன கிடைக்கும்?

சங்கத்து_ஆள் | 13-08-2023, மாலை 6:10

மறுநாள் ஆதார் கேட்டாருன்னா விபத்துக்கு அப்புறம் பேரு சேக்கறாங்கன்னு அர்த்தம், இது எல்லா ஊர்லயும் நடக்குது. பேரு சேக்காம விட்டது முதலாளி தப்பு, அதுக்கு தொழிலாளி பலனை இழக்க வேண்டியதில்ல. இஎஸ்ஐ கார்ப்பரேஷன் தொழிலாளிக்கு குடுத்துட்டு முதலாளிகிட்ட வசூல் பண்ண பிரிவு 68ல வழி இருக்கு. காண்ட்ராக்டர் ஆளா இருந்தாலும் மில்லு தான் முதன்மை முதலாளி, பொறுப்பு அங்க வரைக்கும் போகும். விபத்து நடந்த தேதி, நேரத்தை ஆக்சிடென்ட் புக்ல சரியா எழுதியிருக்காங்களான்னு கண்ணால பாருங்க, சேர்த்த தேதிக்கு ஏத்த மாதிரி விபத்து தேதியை தள்ளி எழுதற வேலை நடக்கும். ஆஸ்பத்திரி சேர்க்கை சீட்டு தேதி அவங்க கையில இருக்கட்டும், போட்டோ எடுத்து வச்சுக்கங்க.

கணக்கு இப்படி. காயம் ஆறி வேலைக்கு போற வரைக்கும் சராசரி தினக்கூலியில 90 சதவீதம், 500க்கு 450. அப்புறம் மெடிக்கல் போர்டு. ஒரு கையில ரெண்டு விரல் முழுசா போனா சட்டத்துல இருக்கற ஷெட்யூல் (அட்டவணை) படி சம்பாதிக்கற திறன்ல 20 சதவீத இழப்பு. 450ல 20 சதவீதம், நாளைக்கு 90 ரூபா, மாசம் 2,700, ஆயுசுக்கும். தனித்தனியா பாத்தா ஆள்காட்டி விரல் முழுசுக்கு 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டு விரலோ 7, கட்டை விரல் மட்டும் 30. எந்த கணு வரைக்கும் போச்சுங்கறதை வச்சு குறையும். போர்டு குறைச்சு போட்டா அப்பீல் உண்டு, விட்டுடாதீங்க.

இஎஸ்ஐ வரம்புக்குள்ள வராத ஆளா இருந்தா, அதாவது மாச சம்பளம் 21,000க்கு மேல, இல்ல இஎஸ்ஐ இல்லாத இடம், அப்ப 1923 நஷ்டஈடு சட்டம். அதுல மொத்தமா பணம். தினக்கூலி 500ன்னா 26 வேலை நாளுக்கு மாசம் 13,000, அதுல 60 சதவீதம் 7,800, 25 வயசுக்கான காரணி 216.91, பெருக்கி 20 சதவீதம் எடுத்தா 3 லட்சத்து 38 ஆயிரம் சொச்சம் வரும். ரெண்டையும் சேர்த்து வாங்க முடியாது. இஎஸ்ஐ இருந்தா இஎஸ்ஐ மட்டும் தான். சில முதலாளிங்க "ஐம்பதாயிரம் வாங்கிக்கோ, ஊருக்கு போயிடு"ன்னு வெள்ளைத்தாள்ல கையெழுத்து வாங்குவாங்க, அதுக்கு முன்னாடி இந்த கணக்கை பையனுக்கு அவன் பாஷையிலயே யாராவது சொல்லிடுங்க.

ஓடி_நர்ஸ் | 13-08-2023, இரவு 9:00

கோவையில ஹேண்ட் சர்ஜரி தியேட்டர்ல வேலை பாக்கறேன். மில்லு, ஃபவுண்டரி, கிரைண்டர் கம்பெனி, கரும்பு மெஷின், தேங்கா நார் மெஷின்னு எங்க ஊர்ல கை கேஸுக்கு பஞ்சமே இல்ல, அதனால தானோ என்னவோ கை ஆபரேஷனுக்கு கங்கா ஆஸ்பத்திரி மாதிரி பேரெடுத்த இடம் இங்க வளர்ந்துச்சு. சென்னைன்னா ஸ்டான்லி கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில கைக்குன்னே தனி டிபார்ட்மென்ட் ரொம்ப வருஷமா இருக்கு, காசில்லாதவங்க நேரா அங்க போகலாம். கிட்ட இருக்கற சின்ன க்ளினிக்ல தையல் போட்டு ரெண்டு நாள் கழிச்சு அனுப்பறதை விட இது எவ்வளவோ மேல்.

நீங்க எல்லாரும் கூட்டிட்டு வர்ற விதம் பத்தி தான் சொல்லணும். விரலை நேரா ஐஸ்ல போட்டு எடுத்துட்டு வராதீங்க, தண்ணியிலயோ ஸ்பிரிட்லயோ முக்காதீங்க, திசு செத்துடும். சுத்தமான தண்ணியில லேசா அலசி, ஈரமான சுத்தத் துணியில சுத்தி, பிளாஸ்டிக் கவர்ல போட்டு வாயை கட்டிட்டு, அந்த கவரை ஐஸ் போட்ட டப்பாவுக்குள்ள வைங்க. விரல்ல தசை இல்லாததால கொஞ்சம் தாங்கும், குளிரா வச்சிருந்தா இன்னும் அதிக நேரம் தாங்கும், ஆனா அதை நம்பி வீட்டுக்கு போய் சட்டை மாத்திட்டு வராதீங்க. நசுங்கிப்போன விரலா இருந்தாலும், ஒட்ட முடியாதுன்னு நீங்களே முடிவு பண்ணி தூக்கி போட்டுடாதீங்க, அதுல இருக்கற தோலு வேற இடத்துக்கு உதவும்.

ரத்தம் வர்ற இடத்தை துணி வச்சு அழுத்தி கையை தூக்கிப் பிடிங்க. கம்பி, ரப்பர் ட்யூப் எல்லாம் போட்டு இறுக்கிக் கட்டாதீங்க. மஞ்சத்தூள், காப்பித்தூள் அப்பாதீங்க, அதை கழுவி எடுக்கறதே ஒரு ஆபரேஷன். மோதிரம் இருந்தா வீங்கறதுக்கு முன்னாடி கழட்டிடுங்க. வழியில டீ, பன்னு வாங்கி குடுக்காதீங்க. பாவம் மயக்கமா இருக்கான்னு பாசத்துல குடுக்கறீங்க, வயித்துல சாப்பாடு இருந்தா மயக்க மருந்து குடுக்கறதுக்கு காத்திருக்கணும், அந்த நேரம் விரலுக்கு போச்சு.

யாரும் இங்க சொல்லாத ஒண்ணு, கிரீஸ் கன், ஹைட்ராலிக் ஹோஸ், பெயின்ட் ஸ்ப்ரே. ஹோஸ்ல ஊசி ஓட்டை விழுந்து எங்க லீக்னு விரலால தடவி பாப்பாங்க. பிரஷர்ல ஆயில் தோலை துளைச்சு உள்ள போயிடும், வெளிய பார்த்தா எறும்பு கடிச்ச மாதிரி ஒரு புள்ளி, வலி கூட முதல்ல பெருசா இருக்காது, பேண்ட் எய்ட் போட்டு வேலையை தொடருவாங்க. உள்ள ஆயில் விரல் நெடுக பரவி மறுநாள் வீங்கி கருத்து வருவாங்க, அப்ப விரலையே எடுக்க வேண்டி வரும். அந்த புள்ளியை பார்த்த உடனே ஓடி வாங்க, வரப்ப என்ன ஆயில்னும் சொல்லுங்க. லீக் பாக்க அட்டையை பிடிங்க, விரல் வேண்டாம்.

ஸ்பேனர்_12_13 | 13-08-2023, இரவு 9:25

அக்கா அந்த ஹைட்ராலிக் மேட்டர் சத்தியமா தெரியாது, எங்க இன்ஜெக்‌ஷன் மோல்டிங்ல தினம் விரலால தான் தடவறோம். நாளைக்கே க்ரூப்ல போடறேன்.

துவாஸ்_தமிழன் | 13-08-2023, இரவு 10:50

சிங்கப்பூர்ல மெயின்டனன்ஸ் டெக்னீஷியன். இங்க ஒவ்வொருத்தனுக்கும் அவன் போட்டோ ஒட்டின சிவப்பு பூட்டு, ஒரே சாவி. நாலு பேரு ஒரே மெஷின்ல இறங்கினா ஒரு கொக்கியில நாலு பூட்டு, கடைசி ஆளு வெளிய வந்து அவன் பூட்டை எடுக்கற வரைக்கும் பவர் வராது. வீட்டுக்கு போயிட்டவன் பூட்டை மறந்துட்டு போனா அவனுக்கு போன் பண்ணி, அவன் உள்ள இல்லன்னு உறுதி பண்ணி, மேனேஜர் கையெழுத்து போட்டு தான் வெட்டணும். இதெல்லாம் நல்லா தான் இருக்கு.

ஆனா எனக்கு தெரிஞ்சு இங்க விரல் போனதுல ஒண்ணு, பூட்டு பக்காவா போட்டிருந்தப்ப நடந்தது. வி-பெல்ட் மாத்தறாங்க. மோட்டார் பேஸ் போல்ட்டை லூஸ் பண்ணி மோட்டாரை உள்ள தள்ளி பெல்ட்டை மாட்டணும். அதுக்கு சோம்பல்பட்டு ஒருத்தன் புல்லியை கையால சுத்தறான், இன்னொருத்தன் பெல்ட்டை விரலால தள்ளி பள்ளத்துல ஏத்தறான். பெல்ட்டு ஏறினப்ப விரலும் சேந்து பள்ளத்துக்குள்ள போச்சு. இதுல கரண்டே கிடையாது, நம்ம ஆளோட கை பலம் தான். கரண்ட்_கம்பி அண்ணன் சொன்னதோட இதையும் சேத்துக்கங்க, பூட்டு கரண்டை தான் பிடிக்கும். காத்துல ஓடற சிலிண்டர்ல தங்கின காத்து, ஸ்பிரிங், மேல தொங்கற வெயிட், கூட நிக்கறவன் கை, இதையெல்லாம் நாம தான் பிடிக்கணும். நியூமேட்டிக் (காத்து) லைனை மூடினா மட்டும் பத்தாது, உள்ள இருக்கற காத்தை வெளிய விட்டுட்டு கேஜ்ல ஜீரோ பாக்கணும், இல்லன்னா சோக் ஆன பொருளை எடுத்த உடனே சிலிண்டர் மீதி தூரத்தை ஒரே அடியில முடிக்கும்.

கார்டிங்_ஃபிட்டர் | 14-08-2023, காலை 6:45

ப்ளோ ரூம்லயும் இதே தான் தம்பி, பஞ்சை அடிச்சு பிரிக்கற உருளை, அந்த பீட்டர்ல பஞ்சு இறுகி நின்னிருக்கும், சோக்கை எடுத்த உடனே பீட்டர் பாதி சுத்து தானா சுத்தும். அதுக்கு இப்ப மரக்கட்டை சொருகிட்டு தான் எடுக்கறோம்.

ப்ரொடக்‌ஷன்_கண்ணன் | 14-08-2023, காலை 9:10

எல்லாத்தையும் படிச்சேன். டவுன்டைம் ஷீட் விஷயத்துல ஃபிட்டர் சொன்னது சரி தான்னு ஒத்துக்கறேன். எங்க மில்லுலயும் அதே தலைப்புல தான் ஏறுது, அந்த தலைப்பை யாரு எப்ப வச்சாங்கன்னே தெரியல. "மெஷின் நிற்கும் நேரம்"னு தனி கட்டம் போட்டு அதை யாரோட கணக்குலயும் சேக்காம விட்டா என்னன்னு ஜிஎம்கிட்ட பேசப்போறேன், அவரு என்ன சொல்வாரோ.

ஆனா பூட்டு விஷயத்துல எனக்கு இன்னும் முழுசா சம்மதம் இல்ல. பெல்ட் மாத்தறது, வயர் மாத்தறது, க்ரைண்டிங், பேரிங், இதுக்கு பூட்டு சரி. ஷிஃப்ட்ல நாலஞ்சு தடவை வர்ற சின்ன சோக்குக்கும் பூட்டுன்னா மூணாவது நாள் எவனும் போட மாட்டான், போடாம போட்டதா டிக் மட்டும் அடிப்பான், அது இன்னும் மோசம்.

கொங்கு_ஜாபர் | 14-08-2023, காலை 9:40

கண்ணன் சார் சொல்றதுலயும் நியாயம் இருக்குதுங்க. சின்ன சோக்குக்கு கை உள்ள போகவே கூடாதுங்கறது தான் வழி. கொக்கி குச்சி செஞ்சு மெஷினுக்கு மெஷின் தொங்க விடுங்க, ஓடறப்ப இல்ல, நின்ன அப்புறம் தான் அதையும் விடணும். நின்னுச்சான்னு தெரியறதுக்கு சிலிண்டர் ஷாஃப்ட் நுனியில வெள்ளை பெயின்ட்ல ஒரு கோடு போட்டு, கவர்ல ஒரு சின்ன ஜன்னல் வெட்டி கண்ணாடி போடுங்க, கோடு நின்னா மெஷின் நின்னுச்சு. ஒடிசாக்காரனுக்கும் புரியும், எனக்கும் புரியும். முக்கியமா, சோக் ஏன் ஷிஃப்ட்டுக்கு நாலு தடவை வருதுன்னு பாருங்க. ஈரப்பதம் ஏறியிருக்கும், சக்‌ஷன் குறைஞ்சிருக்கும், ஃபில்டர் அடைச்சிருக்கும். சோக்கே வரலன்னா எவன் கையை விடப்போறான்.

அம்பத்தூர்_பவர்ப்ரெஸ் | 14-08-2023, மதியம் 1:15

ஜாபர் அண்ணே கரெக்டா சொன்னாரு. எங்க புது கம்பெனில லைட் கர்ட்டன் (கை குறுக்க போனா ப்ரெஸ்ஸை நிறுத்தற ஒளித்திரை) போட்டாங்க, ரெண்டு கை பட்டன் போட்டாங்க, அதெல்லாம் ஓட்றவனுக்கு. செட்டருக்கு என்னா பண்ணாங்க தெரியுமா, சேஃப்டி கட்டைக்கு வயர் இழுத்து ப்ளக் வச்சுட்டாங்க. கட்டையை அதோட ஸ்டாண்டுல இருந்து எடுத்தா ப்ளக் கழண்டுடும், ப்ரெஸ் மோட்டார் ஓடாது. திரும்ப ஸ்டாண்டுல வச்சு சொருகினா தான் ஓடும். சிம்பிளு. கட்டை இப்ப பீரோவுல இல்ல, ப்ரெஸ்ஸுலயே கீது.

கார்டிங்_ஃபிட்டர் | 14-08-2023, இரவு 8:30

இன்னிக்கு மீட்டிங்ல பேசினேன். கோடு, ஜன்னல், கொக்கி குச்சி மூணுக்கும் உடனே சரின்னுட்டாங்க, காசு ஆகாதுல்ல. இன்டர்லாக் நாக்கு ஆறு மெஷின்ல ஸ்விட்ச்சுக்குள்ளயே சொருகி கிடந்துச்சு, எல்லாத்தையும் பிடுங்கிட்டோம், இப்ப கதவு சரியா மூடலன்னா மெஷின் ஓடலன்னு ஷிஃப்ட் ஆளுங்க எங்கள திட்டறாங்க. போர்டு ஒடியாவுலயும் இந்தியிலயும் எழுத பையனோட ஊர்க்காரன் ஒருத்தன் ஒத்துக்கிட்டான். பையனோட ஆக்சிடென்ட் புக் தேதி சரியா தான் இருக்கு, போட்டோ எடுத்துட்டேன் தோழர்.

பூட்டு வாங்கவும் ஓகே சொன்னாங்க, ஆனா எங்க பழைய கார்டிங் லைன் முழுக்க இரும்பு பெட்டி மெயின் ஸ்விட்ச், கைப்பிடியில பூட்டு போட ஓட்டையே இல்ல. எலக்ட்ரீஷியன் ஃப்யூஸ் கட்டையை உருவி பாக்கெட்ல வச்சுக்கலாம்ங்கறாரு. அது போதுமா?

கரண்ட்_கம்பி | 14-08-2023, இரவு 9:05

பழைய ஆளுங்க வழி அது, ஒண்ணுமே இல்லாததுக்கு நல்லது தான், ஆனா பக்கத்து பெட்டியில இருந்து கட்டையை உருவி இதுல சொருகறவன் எல்லா மில்லுலயும் ஒருத்தன் இருப்பான். மூணு கட்டையையும் உருவிட்டு பெட்டி மூடியில ரெண்டு பக்கமும் கொண்டி வெல்டு பண்ணி, கொண்டியில பூட்டு போடுங்க, மூடி திறக்காம கட்டை சொருக முடியாது. வெல்டிங்கை லைன் முழுசா டெட் பண்ணிட்டு பெட்டியை கழட்டி வெளிய வச்சு பண்ணுங்க. அடுத்த ஷட்டவுன்ல கைப்பிடி பூட்டற மாதிரி ரோட்டரி ஐசோலேட்டரா மாத்த எஸ்டிமேட் போடுங்க. பெட்டியோட ரேட்டிங், மூடி எந்தப் பக்கம் திறக்குதுன்னு தெரியற மாதிரி ஒரு போட்டோ போடுங்க, கொண்டி எங்க வைக்கணும்னு பார்த்து சொல்றேன்.